பதினேழிலிருந்து இருபத்திரண்டு வரை

மார்ச் 3

சோடாபுட்டி அக்காவுக்கு,

உன் எருமைத் தம்பி எழுதுறேன். உயிரோட இருக்கேன், சாப்பிடுறேன், குளிக்கிறேன். இந்த மூணையும் தான் நீ முதல்ல கேப்பே, அதான் முன்னாடியே முடிச்சுட்டேன்.

விஷயம் இதான். மியூசியத்துல வேலை கிடைச்சிருக்கு. சிரிக்காதே, தரை துடைக்கிற வேலை இல்ல. அங்க ஒரு வட்ட ஹால் இருக்கு. சுத்தி சுவர் முழுக்கத் திரை, தரையும் திரை, பதினோரு புரொஜெக்டர். ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு ஆளக் கூப்பிட்டு "உன் படத்தப் போடு"ன்னு விடுறாங்க. நான் லேப்டாப்பத் தூக்கிட்டு நேராப் போய் நின்னேன். மியூசியம் மேடம் மேலயும் கீழயும் பாத்துட்டு, "என்ன படிச்சிருக்கே?"ன்னாங்க. "கடல் உயிரியல், ரெண்டரை வருஷம். அதுக்கு மேல என்னால உக்கார முடியல"ன்னேன். போன தடவை நீ அனுப்புனியே, மைக்ராஸ்கோப்புல எடுத்த பச்சைப் புள்ளி போட்டோ, அத சுவர் அளவுக்குப் பெருசாக்கி ஆட விட்டுக் காட்டினேன். "இது என்னப்பா, வானமா?"ன்னாங்க. "இல்ல மேடம், ஒரு ஸ்பூன் கடல் தண்ணி"ன்னேன். அவ்வளவு தான், ஆள் காலி.

அதனால எனக்கு உன் நம்பர் எல்லாம் வேணும். எந்த இடத்துல எத்தனை, என்னைக்கு எத்தனை, மொத்தம். நான் கைக்கு வந்தபடி புள்ளி வச்சா அது வெறும் அலங்காரம். பகல்ல பிரிண்டிங் கடையில போர்டு டிசைன் பண்ணி பண்ணி அலங்காரம்னாலே எனக்கு வாந்தி வருது. இது நிஜமா இருக்கணும்.

அப்பா அப்படியே தான். நான் காலேஜ விட்டு ஒண்ணரை வருஷம் ஆச்சு, இன்னும் என் மூஞ்சியப் பாத்துப் பேசல. டிவிகிட்ட சொல்றாரு. "சோறு ஆறுது"ன்னு அவர் டிவிகிட்ட சொன்னா நான் எந்திரிச்சுப் போய்ச் சாப்பிடணும். உன் லெட்டர் வந்தா மட்டும் சவுண்டக் குறைப்பாரு. நான் சத்தமா வாசிப்பேன், அவர் ஜன்னலப் பாத்துக்கிட்டே கேப்பாரு.

சீக்கிரம் அனுப்பு.

எருமை

*

மார்ச் 14

என் அன்பு எருமைக்கு,

லெட்டரக் குடுக்கும்போதே படகுக்காரர் "தம்பிக்கு ஏதோ நல்லது நடந்திருக்கும்மா, கவர்ல கையெழுத்து தாறுமாறா ஓடுது"ன்னார். பத்து நாளுக்கு ஒரு படகு, சிக்னல் ஒரு கோடு கூட வராத தீவு. வேற என்ன பொழுதுபோக்கு எங்களுக்கு? நானும் அவரும் சமையல்காரரும் உன் லெட்டர வச்சு ஒரு வாரம் ஓட்டுவோம்.

பென்டிரைவ் உள்ள இருக்கு. ரெண்டு வருஷ உழைப்பு, பத்திரம். இன்னொண்ணு, அறிக்கை வர்றதுக்கு முன்னாடி இதெல்லாம் வெளிய போகக் கூடாது. தலைமை ஆபீசுக்குத் தெரிஞ்சா என் சீட்டு கிழியும். நீ என் தம்பிங்கிறதால தர்றேன். என் பேர் எங்கயும் வரக் கூடாது, புரிஞ்சுதா?

இருபத்தினாலு இடம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். விடியக்காலைல படகுல போய், ஒவ்வொரு இடத்துலயும் ஒரு பாட்டில் தண்ணி எடுப்போம். அத மெல்லிசான ஃபில்டர் பேப்பர்ல வடிச்சு, மைக்ராஸ்கோப்புக்குக் கீழ வச்சு பச்சையம் இருக்குற உயிர் எத்தனைன்னு எண்ணுவேன். ஷீட்ல சில கட்டத்துல கோடு போட்டிருக்கும். அன்னைக்குக் கடல் மோசம், போகலன்னு அர்த்தம். அத மட்டும் பக்கத்துக் கட்டத்த வச்சு நீயே நிரப்பிக்கோ.

எதுக்குக் குடுக்குறேன்னும் சொல்லிடுறேன். கடல்தண்ணியக் குடிதண்ணியாக்குற ஆலை கரையில இருக்குல்ல? வடிச்ச உப்பையெல்லாம் சூடா ஒரு குழாய் வழியாத் திருப்பிக் கடல்ல விடுறாங்க. இப்ப அதே இடத்துல இன்னொரு குழாய் கேக்குறாங்க. ஜூன் 9 கருத்துக் கேட்புக் கூட்டம். ஊருக்குத் தண்ணி வேண்டாம்னு நான் சொல்லல. இன்னும் தள்ளி, ஆழத்துல கொண்டு போய் விடுங்கன்னு தான் சொல்றேன். ஆபீஸ் வெளிய விட்ட கொஞ்ச நம்பர ரெண்டு கூட்டத்துல அடுக்கினேன், கொட்டாவி விட்டாங்க. ஒருத்தர் "கண்ணுக்கே தெரியாத ஒண்ணுக்கா இவ்வளவு சத்தம்?"ன்னு கேட்டார். அவர் இழுக்குற மூச்சுல பாதி அந்தக் கண்ணுக்குத் தெரியாதது போட்ட பிச்சை. சொன்னா ஏறல. நீ காட்டு. காட்டினா ஏறும்.

அப்பாவுக்கு: பிரஷர் மாத்திரையத் தீர்ந்த அப்புறம் வாங்காதீங்க, நாலு நாள் முன்னாடியே வாங்குங்க. அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க. டிவிக்குக் காது கேக்காது.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்கா!

அந்தக் கடைசி வரிய வாசிச்சேன். அப்பா எந்திரிச்சு சட்டை மாட்டிக்கிட்டு மாத்திரை வாங்கப் போயிட்டாரு. அவ்வளவு தான் பலன்.

படம் எப்படி வந்திருக்கு தெரியுமா? நீ எண்ணுன ஒவ்வொரு உயிருக்கும் ஒரு வெளிச்சப் புள்ளி. ஒண்ணு கூட நானா சேக்கல. நீ தரையில நடந்தா கால் வைக்கிற இடம் கடல், அது ஒண்ணாம் நம்பர், நாலாம் நம்பர்னு மாறும். நடுவுல ஒரு மைக் வச்சிருக்கேன். அதுல ஊதணும். ஊதுன மூச்சு சுவர்ல வெள்ளையாப் போகும், பாதி தூரத்துல புள்ளியெல்லாம் ஓடி வந்து அதப் புடிச்சுத் தின்னும், தின்னு பச்சையாத் திருப்பி உன் மேல விடும். பிரிண்டிங் கடைப் பையன் எவனும் நம்பல நான் தான் பண்ணேன்னு. மேடம் தினமும் வந்து ஊதிட்டுப் போறாங்க, ஏதோ வேண்டுதல் மாதிரி.

ஒரு சின்னச் சிக்கல், சரி பண்ணிட்டேன். தரையில ஒரு ஓரமா அஞ்சாறு இடம் கருப்பா, ஓட்டை விழுந்த மாதிரி இருந்துச்சு. மேடம் பாத்துட்டு "பல்பு போயிடுச்சா?"ன்னு கேட்டாங்க. உன் ஷீட்ல அங்கெல்லாம் வெறும் பூஜ்யம் தான். அனிமேஷன்ல இது தினப்படி வேலை தான். நடுவுல படம் இல்லன்னா முன்னாடி இருக்குறதையும் பின்னாடி இருக்குறதையும் வச்சு நடுவுல வரைஞ்சு இழுத்துடுவோம். கோடு போட்ட கட்டத்துக்கு நீ சொன்னியே, அதே மாதிரி. இப்ப தையல் கூடத் தெரியல.

ஏப்ரல் 20 திறப்பு. நீ வரணும். வரமாட்டே. தெரியும்.

எருமை

*

ஏப்ரல் 13

தம்பி,

எந்த அஞ்சாறு இடம்? நம்பர எழுது. பதினேழுல இருந்து இருபத்திரண்டு வரைக்கும்னா கை வைக்காதே. வச்சிருந்தா உடனே எடு. திறப்புக்கு முன்னாடி எடு.

கடல் கொந்தளிப்பா இருக்கு, படகு எப்ப கிளம்பும்னு படகுக்காரருக்கே தெரியல. இத எப்படியாவது சேத்துடுங்கன்னு கெஞ்சியிருக்கேன்.

அக்கா

*

ஏப்ரல் 25

அக்கா,

உன் லெட்டர் நேத்து தான் வந்துச்சு. திறப்பு முடிஞ்சு நாலு நாள் கழிச்சு. முதல்ல நல்லத சொல்லிடுறேனே.

நானூறு பேர் வந்தாங்க. வாசல் வரைக்கும் வரிசை. ஒரு சின்னப் பொண்ணு தரையில கால் வைக்க மாட்டேங்குது, "மிதிச்சுடுவேன்"னு அழுவுது. பேப்பர்ல அரைப் பக்கம். அப்பா வந்தாரு அக்கா. நான் கூப்பிடல, அவரா பஸ் ஏறி வந்தாரு. இஸ்திரி போட்ட சட்டை. மைக் முன்னாடி போய் நின்னு ரொம்ப நேரம் யோசிச்சுட்டு ஒரு தடவை ஊதினாரு. பச்சை வந்து அவர் மேல விழுந்துச்சு. திரும்பி என்னைப் பாத்து, என்னை, டிவிய இல்ல, "இதெல்லாம் அவ எண்ணுனதா?"ன்னாரு. "ஆமாப்பா, அவ எண்ணுனா, நான் வரைஞ்சேன்"னேன். தோள்ல கை வச்சாரு. வீடு வர்ற வரைக்கும் பஸ்ல என் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு வந்தாரு.

சரி. பதினேழுல இருந்து இருபத்திரண்டு தான்.

எனக்கு எப்படித் தெரியும்? கோடு இருந்தா நிரப்பிக்கோன்னு நீயே தான் எழுதியிருக்கே. பூஜ்யத்தப் பத்தி ஒரு வார்த்தை எழுதல. ஒண்ணும் கிடைக்காத நாள்னு நினைச்சேன். மொத்தம் இருபத்தினாலுல ஆறு, அதுவும் ஓரத்துல, யாரும் அங்க நிக்கக் கூட மாட்டாங்க. பாத்தவங்க எல்லாருக்கும் கடல் மேல ஒரு மரியாதை வந்திருக்கு, நீ கேட்டது அதான?

இதுக்குத் திட்டுவே. கீழ உன் பேரு போட்டுட்டேன். பெருசா. எனக்கு மனசு கேக்கல.

அப்புறம் கோட்டு போட்ட ரெண்டு பேர் வந்தாங்க, ஆலைக்காரங்களாம். அருமையா இருக்குன்னு சொல்லி வீடியோ கேட்டாங்க. மேடம் குடுத்துட்டாங்க. என்னையும் கேட்டாங்க, நானும் சரின்னுட்டேன்.

எருமை

*

மே 6

தம்பிக்கு,

மூணு தடவை எழுதிக் கிழிச்சாச்சு. இது நாலாவது. இதுல கோவம் இல்லாம எழுதப் பாக்குறேன்.

தப்புல பாதி என்னுது. பூஜ்யத்தப் பத்தி நான் சொல்லியிருக்கணும். எனக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாவே தோணல. இந்த லேப்ல அது எல்லாருக்கும் தெரியும், சமையல்காரருக்குக் கூடத் தெரியும். பதினேழு எண்ணுற அன்னைக்கு அவர் என்னைச் சாப்பிடக் கூப்பிட மாட்டார்.

ஏன்னு சொல்றேன். இருக்குறத எண்ணுறது சுலபம். ஒரு பேப்பர்ல பத்துக் கட்டம் பாத்தா போதும், கணக்குப் போட்டுடலாம், இருபது நிமிஷ வேலை. ஆனா இல்லைன்னு எழுதணும்னா மொத்தப் பேப்பரையும் பாக்கணும். கட்டம் கட்டமா, ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும். ஒரு கட்டத்தத் தாண்டிட்டோமோன்னு சந்தேகம் வந்தா மறுபடி முதல்ல இருந்து. ரெண்டு மணி நேரம் ஆகும். கண்ணுல தண்ணி வழியும். எங்கயாவது ஒண்ணே ஒண்ணு இருந்துட்டா நல்லா இருக்குமேன்னு மனசு தேடிக்கிட்டே இருக்கும். இல்லவே இல்லன்னு ஆன அப்புறம் தான் அந்த வட்டத்தப் போடுவேன். அந்த ஆறு இடத்துக்கும் நாப்பத்தோரு தடவை போயிருக்கேன். ஆறும் குழாய் வாய்க்கு எதிர்ல வரிசையா இருக்கு. நான் ரெண்டு வருஷத்துல கண்டுபிடிச்சது மொத்தமே அது தான்டா. மத்த பதினெட்டும் எல்லாருக்கும் தெரிஞ்ச கடல். அந்தக் கருப்பக் காட்டத் தான் உனக்குக் குடுத்தேன். நீ அதுல தான் விளக்கு வச்சிருக்கே.

பேரப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. ஆசையில போட்டிருக்கே.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. ஜூன் 9க்கு முன்னாடி அந்த ஆறையும் கருப்பாக்கு. ஹால் வாசல்ல, "இது வரைக்கும் காட்டுனது தப்பு, இங்க உயிர் இல்ல, நிரப்பினது நான்"னு உன் கையால எழுதி மாட்டு. அத ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அது கையில இருந்தா கூட்டத்துல நான் பேசிக்குவேன். இல்லன்னா என் பேருக்கு மேல ஓடுற படம் எனக்கு எதிராப் பேசும்.

அப்பா உன் பக்கத்துல உக்காந்து வந்தார்னு வாசிச்சப்ப சிரிச்சேன். சந்தோஷமா இருந்துச்சு. அது உண்மை.

அக்கா

*

மே 19

அக்கா,

மேடம்கிட்டப் பேசினேன். மாத்தணும்னா ஹால மூடணுமாம். தப்புன்னு அவங்களும் எழுதிக் குடுக்கணுமாம், மியூசியம் மானம் போயிடுமாம். இன்னும் மூணு ஊர் மியூசியத்துல இருந்து கேட்டிருக்காங்க, எல்லாம் நின்னுடும்னாங்க. "நீ வரைஞ்சது கலைப்பா, பரிட்சைப் பேப்பர் இல்ல"ன்னாங்க. அது எனக்கே சரியாப் படல. ஆனா ஜூன் 15 கண்காட்சி முடியுது. முடிஞ்ச அடுத்த நாளே நான் மாத்திடுறேன், சத்தியமா. அடுத்த ஊர்ல போடும்போது கருப்பு இருக்கும். இங்க ஒரு ஓரமா "சில இடங்கள் கற்பனை"ன்னு சின்னதா ஒரு வரி போட ஒத்துக்கிட்டாங்க. அது போதாதா?

நீ என்ன நினைக்கிறேன்னு தெரியும். எனக்கு இது வரைக்கும் எதுவும் முழுசா வந்ததில்ல அக்கா. காலேஜ் பாதி. டிரைவிங் கத்துக்கிட்டது பாதி. கிட்டார் பாதி. இது ஒண்ணு தான் முழுசா முடிச்சேன். அப்பா கூட வேலை பாத்த பழைய பஸ் டிப்போ ஆளுங்களையெல்லாம் கூட்டிட்டு வந்து காட்டுறாரு. "என் பையன் போட்டது"ன்னு சொல்றாரு. வாசல்ல போய் "தப்பு, நான் தான்"னு நான் எழுதி மாட்டுறதா? அவரே அத வாசிப்பாரே.

உன்னை எல்லாருக்கும் தெரியும், நீ சொன்னா நம்புவாங்க. நம்பர் உன்கிட்ட இருக்கு. என் படம் எதுக்கு?

பதில் போடு.

உன் தம்பி

*

ஜூன் 12

தம்பிக்கு,

கூட்டம் முடிஞ்சுது. வெயிலுக்குப் பயந்து கூட்டத்த ஒரு ஸ்கூல் ஹால்ல வச்சாங்க. முதல்ல ஆலைக்காரங்க பேசினாங்க. விளக்க அணைச்சுட்டு உன் படத்தப் போட்டாங்க. நான் அப்ப தான் முதல் தடவை பாக்குறேன். அழகா இருந்துச்சு. பொய் சொல்லல. எனக்கே ஒரு நிமிஷம் நான் எண்ணுனது மறந்து போச்சு. பதினேழுக்கு மேல கேமரா மெதுவாப் போச்சு, அங்க புள்ளியெல்லாம் பொங்கிப் பொங்கி வந்துச்சு. கடைசில என் பேரு.

அப்புறம் நான் எந்திரிச்சேன். நம்பரக் காட்டினேன். கூட்டத் தலைவர் ரொம்ப மரியாதையாத் தான் கேட்டார், "அம்மா, ஷீட்ல ஒண்ணும் இல்லங்கிறீங்க, படத்துல இவ்வளவு இருக்கு. ரெண்டும் உங்க பேர்ல தான் இருக்கு. எத எடுத்துக்கிறது?" படம் தப்புன்னேன். "வரைஞ்சது யாரு?"ன்னார். சொல்லல. பின்னாடி யாரோ, "அவங்க தம்பி தான்"னு சத்தம் போட்டாங்க. கொஞ்சம் சிரிப்பு.

ரெண்டாவது குழாய்க்கு அனுமதி குடுத்துட்டாங்க. நம்பரு எப்படி வெளிய போச்சுன்னு தலைமை ஆபீஸ் கேட்டுச்சு. நான் மறைக்கல. தீவு லேப்ப மூடுறாங்க. மைக்ராஸ்கோப்பப் பெட்டியில கட்டியாச்சு. சமையல்காரர் பாத்திரத்த எல்லாம் துடைச்சுத் துடைச்சு வைக்கிறார், எதுக்குன்னு தெரியல. எனக்கு ஒரு கப்பல்ல வேலை, குடிக்கிற தண்ணிய சோதிக்கிறது. பதினாலு மாசம். முகவரி இன்னும் தெரியாது.

அப்பாகிட்ட எதுவும் சொல்லாதே. உன் கூடப் பேச ஆரம்பிச்சிருக்கார். அது அப்படியே இருக்கட்டும். அவருக்கு நான் எழுதணும்னா நல்லா இருக்கேன், வேலை நல்லாப் போகுது, தம்பி கெட்டிக்காரன்னு எழுதணும். பொய் எழுத எனக்குக் கை வராது. அதனால அவருக்கும் எழுதல.

உனக்கும் தான். கோவம் இல்ல. நீ எழுதுனா வாங்கி வச்சுக்குவேன், பிரிக்கிற தெம்பு இப்ப இல்ல.

உடம்பப் பாத்துக்கோ.

அக்கா

*

ஆகஸ்ட் 1

அக்கா,

இத உன் தலைமை ஆபீசுக்கு அனுப்புறேன். கவர் மேல "எந்தக் கப்பல்னு பாத்துச் சேர்க்கவும்"னு எழுதியிருக்கேன். நீ பிரிக்க மாட்டே. பரவால்ல.

ஜூன் 15, கடைசி நாள், காலைலயே போய் அந்த ஆறையும் அணைச்சேன். மேடம்கிட்டக் கேக்கல. வாசல்ல எழுதியும் மாட்டினேன், நீ சொன்ன அதே வார்த்தைல. ஆறு நாள் லேட். ஒரு வாத்தியார் வகுப்பையே கூட்டிட்டு வந்திருந்தார். பசங்க கருப்புல போய் நின்னு குதிக்கிறாங்க, கால உதைக்கிறாங்க, ஏதாவது வரும்னு. "அங்கிள், இங்க கெட்டுப் போச்சு"ன்னு ஒருத்தன் கூப்பிட்டான். "ஆமா"ன்னேன். மேடம் பதினொரு மணிக்கு வந்து மெயின் சுவிட்ச அணைச்சுட்டாங்க. அந்த மூணு ஊரும் இல்லன்னு ஆயிடுச்சு. பேப்பருக்கும் எழுதினேன். போடல. போட்டாலும் குழாய் நிக்காது. கரையில போய்ப் பாத்தேன், பள்ளம் தோண்டிட்டாங்க.

இதெல்லாம் உன்கிட்ட மன்னிப்பு வாங்க எழுதல. நிஜம்மா. அப்பாவப் பத்தி எழுதுறேன்.

படகு வர்ற நாள் அவருக்கு மனப்பாடம். ஜூன் கடைசில "லெட்டர் வந்துச்சா?"ன்னார். வந்துச்சுன்னுட்டேன். டிவிய அணைச்சுட்டு நிமிந்து உக்காந்தார். கையில பிரிண்டிங் கடை பில்லு தான் இருந்துச்சு. அதப் பாத்து வாசிச்சேன். உன் பழைய லெட்டர்ல இருந்து கொஞ்சம், நானா கொஞ்சம். படகுக்காரர் ஜோக்கு ஒண்ணு. மாத்திரை. "அவன்கிட்டப் பேசுறீங்களான்னு கேக்குறா"ன்னேன். சிரிச்சாரு. ஜூலைல ரெண்டு தடவை வாசிச்சேன். நல்லா வந்துச்சு அக்கா, உன்னை மாதிரியே வந்துச்சு. அந்த ஹால்ல என்ன பண்ணேனோ அதையே தான் வீட்டுலயும் பண்ணிக்கிட்டிருந்தேன். தெரிஞ்சே.

நேத்து காலைல சட்டை மாட்டிக்கிட்டு நின்னார். "அவ தீவுக்குப் போய்ட்டு வரலாம், படகுக்காரர்கிட்ட நீ பேசு"ன்னார். பைல உனக்கு ஒரு போர்வை, பத்து வருஷமா பீரோவுல இருந்த புதுசு.

உக்காருங்கப்பான்னேன். எல்லாத்தையும் சொன்னேன். அந்த ஆறு இடம், நீ எழுதச் சொன்னது, நான் எழுதாதது, கூட்டம், லேப்ப மூடினது. வாசிச்சது எல்லாம் நானே போட்டதுன்னு. அவர் அடிச்சிருக்கலாம். பில்லக் கேட்டார். குடுத்தேன். கண்ணாடியப் போட்டு அதத் திருப்பித் திருப்பிப் பாத்தார். அப்புறம், "அந்த ஜூன் லெட்டருக்கு அப்புறம் அவகிட்ட இருந்து ஒண்ணுமே வரலையா?"ன்னு கேட்டார்.

"ஒண்ணுமே வரலப்பா"ன்னேன்.

இன்னைக்கு என்கிட்டப் பேசல. பேச மாட்டார்னு நினைக்கிறேன். அது என் பாடு.

உனக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவு தான். அவருக்கு எல்லாம் தெரியும். நீ இனிமே அவருக்குப் பொய் எழுத வேண்டியதில்ல. கவர் மேல அவர் பேரப் போடு, என் பேரு வேண்டாம், நான் தொட மாட்டேன். வாசிக்க அவருக்குத் தெரியும்.

ஒரு வரி போதும்.

தம்பி